நெட்டையன் சுமந்த ஐந்து மாதம்

நான் கொடுக்க வேண்டியிருந்தது அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். வட்டி கிடையாது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடனை யார் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். எனக்குக் கொடுத்தார்கள்.

மகள் ரத்தப் பரிசோதனை செய்கிற படிப்பு படிக்கிறாள். மூன்று வருடம். முதல் வருடத்துக்கு மனைவியின் வளையல் போயிற்று. இரண்டாம் வருடத்துக்கு என் மிதிவண்டியும் வீட்டு முன்பணமும் போயின. இருந்ததைவிடச் சின்ன வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் வருடத்துக்குக் கல்லூரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். படிப்புக்கு நாற்பத்தைந்தாயிரம், ஆய்வகத்துக்குப் பன்னிரண்டாயிரம், பரீட்சைக்கு மூவாயிரத்து நானூறு, வளர்ச்சி நிதி எட்டாயிரம். நான் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன். அந்தத் தாளை மூன்று தடவை வாசித்தேன். எழுத்தெல்லாம் புரிந்தது, வளர்ச்சி நிதிதான் புரியவில்லை.

“யார் வளர்றதுக்கும்மா இது?”

“புதுக் கட்டடம் கட்டுறாங்கப்பா.”

அந்தக் கட்டடத்துக்கு சிமெண்ட் எங்கள் கிடங்கிலிருந்துதான் போனது. லாரியில் ஏற்றியதே நான்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கின கூலியை எண்ணி அதே கட்டடத்துக்குத் திருப்பிக் கொடு என்கிறார்கள். கிடங்கில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். “படிச்சு முடிச்சவங்க மூணு பேர் நம்மகூட மூட்டை தூக்குறாங்க, அவங்ககிட்ட கேளு படிப்பு என்ன தருதுன்னு” என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தால் வேலை கிடைக்கும் என்று எனக்கும் நிச்சயம் இல்லை. ஆனால் படிக்காவிட்டால் என்ன கிடைக்கும் என்பது நிச்சயமாகத் தெரியும். அதை முப்பது வருடமாக முதுகில் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். எங்களுக்கு ஏது சம்பளச் சீட்டு? ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஜாமீனுக்கு ஆள் தேவைப்படுகிறது.

கடைசியில் பிரார்த்தனை மன்றத்துக்குப் போனேன். எங்கள் தெருக்கோடியில் மாடியில் இருக்கிறது. மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். நான் எழுத்துக்காகப் போனவன். பிரார்த்தனைக்குப் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். மன்றத்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. கடன் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்பாகவும் நின்று, பிரார்த்தனையால் தனக்கு நடந்த நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். அனுபவம் பேசுவது என்பார்கள். முதலில் எழுதிக் காட்ட வேண்டும். பேசினது பொய்யென்று தெரிந்தால் முப்பது நாளில் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும்.

எனக்கு நடந்த நன்மை ஒன்று இருந்தது. போன வருடம் என் முதுகு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது. மருத்துவர் ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார். ஆறு மாதம் தூக்காவிட்டால் அடுப்பு எரியாது என்று அவருக்குச் சொல்லி என்ன பயன்?

கிடங்கில் நாங்கள் இரண்டிரண்டு பேராக வேலை செய்வோம். ஒருவன் லாரிமேல் நின்று மூட்டையை விளிம்புக்கு இழுத்துச் சாய்ப்பான். மற்றவன் கீழே நின்று முதுகில் வாங்கிக்கொண்டு உள்ளே அடுக்கிவிட்டு வருவான். ஐம்பது மூட்டைக்கு ஒருதரம் இடம் மாற வேண்டும். அடுக்குகிறவனுக்கு மூட்டைக்கு ஒரு தகர வில்லை. மாலையில் வில்லையை எண்ணிக் கூலி.

என் ஜோடி நெட்டையன். ஆறடிக்கு மேல் உயரம். பத்தொன்பது வருடமாக ஜோடி. அவன் மனைவி என்னை அண்ணே என்பாள், அவன் மச்சான் என்பான். ரத்த உறவு ஒன்றும் இல்லை.

முதுகு போன மறுநாள் நெட்டையன் சொன்னான்: “நீ மேலயே நில்லு மச்சான். ஓரமா இழுத்துச் சாச்சு விடு, போதும். கீழ நான் பாத்துக்குறேன்.”

“ஐம்பது முடிஞ்சா மாறணுமேடா.”

“மேற்பார்வையாளருக்கு எண்ணத் தெரியும், மூஞ்சி பாக்கத் தெரியாது.”

ஐந்து மாதம் மாறவே இல்லை. என் பங்கையும் அவனே சுமந்தான். மாலையில் தன் பையிலிருந்த வில்லைகளில் பாதியை எடுத்து என் பையில் போடுவான். “இன்னிக்கு உனக்கு ஒண்ணு கூட. நீ நல்லா வேடிக்கை பாத்த” என்பான்.

முதுகு நிமிர்ந்தது. இதைத்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நான் அதுவரை எழுதியதிலேயே நீளமானது. தினமும் பின்வரிசையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன் என்று ஒரு வரி, அது பாதி உண்மை. மற்றதெல்லாம் நெட்டையன்.

மன்றத்தின் பொருளாளர் இரும்புக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். கடையிலேயே வைத்துப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல கடவுள் எங்கய்யா வர்றார்? நெட்டையன்தானே வர்றான்?”

“அவன்தாங்க சுமந்தான்.”

“சரி, சுமக்க வச்சது யாரு?” என்று கேட்டுவிட்டு, பென்சிலை எடுத்து நெட்டையன் வருகிற வரிகளின் ஓரத்தில் கோடு போட்டார். “இத எடுத்துட்டு, பிரார்த்தனையக் கொஞ்சம் விரிச்சு எழுதிட்டு வாங்க. குழு வெள்ளிக்கிழமை கூடுது.”

பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. எடுத்துவிடு என்றுதான் சொன்னார். எடுத்தது நான். வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, வேறு தாளில், நெட்டையனே இல்லாமல் என் முதுகை நிமிர்த்தி எழுதினேன். மருத்துவர் கைவிட்டார் என்று எழுதினேன். மாத்திரையைத் தூக்கிப் போட்டேன் என்று எழுதினேன். ஒரு விடியற்காலையில் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும்போதே வலி விட்டது என்று எழுதினேன். கை பழகிவிட்டால் எழுத்து தானாக ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதையே பேசினேன். பெண்கள் வரிசையில் நெட்டையன் மனைவி இருந்தாள். அவள் பத்து வருட உறுப்பினர். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் என்னிடம் வந்து, “அண்ணே, இவ்வளவு நடந்திருக்கு, ஒரு வார்த்தை சொல்லலியே” என்றாள். திங்கட்கிழமை கடன் கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை கல்லூரியில் கட்டினேன்.

நெட்டையனிடம் எப்படி முகம் காட்டுவது என்று பயந்துகொண்டே வேலைக்குப் போனேன். அவன் வழியிலேயே பிடித்துக்கொண்டான்.

“மச்சான், உன் தங்கச்சி எல்லாம் சொன்னா. என் பேரச் சொல்லாம விட்டியே, அதுதான் புத்தி. மேற்பார்வையாளர் காதுக்குப் போனா ரெண்டு பேரையும் வெளிய தள்ளியிருப்பான்.”

எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. “அதுக்குத்தான்டா சொல்லல” என்றேன்.

“ஆனா உள்ளுக்குள்ள இப்படி ஒண்ணு நடந்துதுன்னு எனக்குக்கூட நீ சொல்லல பாரு.”

நெட்டையன் அதுவரை கடவுள் பேச்சே எடுக்காதவன். எனக்கும் அவருக்கும் சண்டையும் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது என்பான். அடுத்த ஞாயிறு குளித்துத் தலைசீவி மன்றத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். அவன் தலை, பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தது. நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பிரார்த்தனையை முடித்தேன்.

அவனுக்குச் சர்க்கரை உண்டு. நாலு வருடமாக மாத்திரை. இரண்டு மாதம் கழித்து கிடங்கில் ஓர் ஆணி அவன் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. சின்னக் காயம்தான். ஆனால் ஆறவில்லை.

ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான். கட்டுத் துணியைப் பார்த்துவிட்டு மகள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“மாமா, என்ன இது? சர்க்கரை எவ்வளவு இருக்கு?”

“அளவெல்லாம் பாக்குறதில்லை பாப்பா. மாத்திரைய நிறுத்திட்டேன்.”

“நிறுத்திட்டீங்களா?”

“உங்கப்பா தூக்கிப் போட்டுட்டு நிமிர்ந்து நிக்கலியா? டாக்டர் கைவிட்ட முதுகு அது. எனக்கு ஒரு சின்னப் புண்ணு. நான் நாப்பது நாள் வேண்டிக்கிட்டிருக்கேன். நடுவுல மாத்திரை போட்டா நம்பிக்கை இல்லாதவன்னு ஆயிடும்ல?”

“மாமா, அது முதுகு. இது சர்க்கரை. கால் போயிடும் மாமா.”

“ரத்தத்த ஊசியில எடுத்துப் பாத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? நீ உங்க காலேஜ்ல பெரிய கட்டடம் கட்டுறாங்களே, அதுல போய் பாடம் நடத்து” என்று சிரித்தான்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. மாமா நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் கட்டின ரசீது அவள் பையில் இருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் கடைசிப் பரீட்சை.

“ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போயிட்டு வாயேன்டா” என்றேன்.

“நீ போனியா?” என்றான்.

தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அங்கே மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இரண்டு தாளையும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

“இப்ப வாயத் திறக்காதீங்க” என்றாள் மெதுவாக. “அவர் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா மன்றத்துக்குத் தெரிஞ்ச மாதிரி. மூணு மாசம். பாப்பா பரீட்சை எழுதட்டும், அப்புறம் காலிலேயே விழுவோம்.”

“அவன் காலு அதுவரைக்கும் இருக்கணுமே.”

“புண்ணுதானே. ஆறிடும்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் சொன்னது எனக்கு இனிப்பாக இருந்தது. புண்தானே, ஆறிடும் என்று நானும் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து பதினோரு நாள் சொல்லிக்கொண்டேன். மாத்திரை வாங்கி அவன் மனைவியிடம் கொடுத்துப் பார்த்தேன், “நீங்களே இப்படி நம்பிக்கை இல்லாமப் பண்ணலாமா அண்ணே?” என்று திருப்பிக் கொடுத்தாள். அவன் நொண்டிக்கொண்டே சுமந்தான். நான் கீழே நிற்கிறேன் என்றால் கேட்கமாட்டான். “இப்பத்தான் முதுகு வந்திருக்கு, மறுபடி உடைச்சுக்காத” என்பான்.

பன்னிரண்டாம் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் செருப்பைக் கழற்றினான். நாற்றம் வந்தது. சிமெண்ட் தூசியையும் வியர்வையையும் தாண்டி வந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தன. அவனுக்கு அது தெரியவில்லை. வலிக்கவே இல்லை என்றான் சந்தோஷமாக. “நேத்திலேருந்து வலியே இல்ல மச்சான். விடுது போல.”

சாப்பாட்டை மூடி வைத்தேன்.

“முதுகு பிரார்த்தனையில நல்லாகலடா.”

“பின்ன?”

“நீ சுமந்ததுல நல்லாச்சு. ஆறு மாசம் தூக்காம இருந்தா சரியாகும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னார். அஞ்சு மாசம் தூக்கல. சரியாச்சு. மாத்திரையையும் நான் விடல, கடைசி வரைக்கும் போட்டேன். மன்றத்துல நான் சொன்னது பொய்.”

அவன் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“அப்ப நானா?”

“நீதான்.”

“அடப்பாவி. அப்ப என்னையத்தானே கும்பிட்டிருக்கணும். இந்தா, கும்பிடு” என்று அந்தக் காலையே நீட்டினான். தன் பகடிக்குத் தானே சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். காலைக் குனிந்து பார்த்தான். அப்போதுதான் சரியாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

“பாப்பா ஃபீஸுக்கா?”

“ஆமா.”

கையைக் கழுவினான். கழுவிக்கொண்டே சொன்னான்: “எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சேந்து பொய் சொல்லியிருப்பேனேடா. மாத்திரையப் போட்டுக்கிட்டே சொல்லியிருப்பேன்.”

வேலையை விட்டுவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றினேன். மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால் வந்திருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது பாதத்தைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும் என்றார். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். இனி அது முடியாது என்றார். மறுநாள் இரண்டு விரலை எடுத்தார்கள்.

பதினோரு நாள். கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் நெட்டையன் மனைவியிடம் சொன்னேன். மருத்துவமனை நடைபாதையில் வைத்து, முதல் தாள், இரண்டாம் தாள், பொருளாளரின் பென்சில், என் வீட்டு நாற்காலி, எல்லாம். முடிந்ததும் எழுந்து மன்றத்துக்குப் போனாள்.

மகளிடம் அன்று இரவு சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். “நான் காலைத் தொட்டுப் பாத்தப்ப நீங்க தண்ணி எடுக்கப் போனீங்க” என்று மட்டும் சொன்னாள். காலையில் கல்லூரிக்குக் கிளம்பவில்லை. இனிப் போகப்போவதில்லை, கட்டின பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்றாள். கல்லூரியில் வாங்கினதைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

குழு கூடியது. ஐந்து பேர். பொருளாளர் நடுவில், கணக்கு நோட்டோடு. பக்கத்தில் ஒரு நாற்காலியில் நெட்டையன் மனைவி. நான் நின்றேன். பொய்தான் சொன்னேன் என்றேன். பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் பாரத்தில் பாதியை அவர் முதுகுக்கு மாற்றினது போல இருக்கும்.

பொருளாளர் நிமிராமல் விதியை வாசித்தார். முப்பது நாளில் அறுபத்தெட்டாயிரத்து நானூறு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்த வரிகள எடுக்கச் சொன்னது நான்தான். அதையும் குறிச்சுக்கணும்” என்றார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அப்போது நெட்டையன் மனைவி பேசினாள். பத்தொன்பது வருடமாக அண்ணே என்று கூப்பிட்டவள் என்னை இவர் என்றாள்.

“இவர்கிட்ட காசு கேக்காதீங்க.”

“அது விதிம்மா” என்றார் ஒருவர்.

“விதிய நானும் பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். கடவுள் பொய் சொல்லல, இவர்தான் சொன்னார். அது இவருக்கும் அவருக்கும். ஆனா காசக் கேட்டா இவர் எங்க போவார்? அந்தப் பொண்ணு படிப்ப நிறுத்தும். ஏற்கனவே ரெண்டு நாளா போகல. அது படிச்சு முடிக்கலேன்னா என் வீட்டுக்காரர் விரல் எதுக்குப் போச்சு? சும்மாவா?”

எனக்குத் தாங்கவில்லை. “மாசாமாசம் கட்டிடறேன் தங்கச்சி. ரெண்டாயிரம், மூவாயிரம், எவ்வளவு முடியுதோ. எத்தனை வருஷமானாலும்” என்றேன்.

“வேண்டாம்” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நோட்டைப் பார்த்துச் சொன்னாள். “கட்டி முடிச்சிட்டா இவர் நிம்மதியாத் தூங்கிடுவார். கட்ட வேண்டாம். தள்ளிடுங்க.”

ஐந்து பேரும் தங்களுக்குள் பேசினார்கள். நான் வெளியே நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பமே கேட்கும்போது மறுக்க வேண்டாம் என்றார் ஒருவர். பெண்பிள்ளை படிப்பு என்றார் இன்னொருவர். பேனாவை எடுத்த பொருளாளர் என் பெயருக்கு நேரே தொகையை எழுதி, பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பினார்.

வாசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைதான். கையெழுத்துப் போட்டேன்.

நெட்டையன் மனைவி பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். மருத்துவமனையில் பார்க்கிற நேரம் நாலு மணியோடு முடியும். எனக்கும் போக வேண்டியிருந்தது. அவள் தெருமுனை திரும்பட்டும் என்று படியிலேயே நின்றேன்.